குடியியற் பாடமும் குடியுரிமை வரலாறும்

ஒரு நாட்டின் ஆட்சிமுறையையும் அந்நாட்டு மக்களின் உரிமை கடமைகளையும் இளைஞர்க்கு எடுத்துரைக்கும் பாடம் குடியியல். இடைநிலை வகுப்புக்களிற் கற்பிக்கப்படும் பாடங்களுள் இதனைப்போல் மாணவரின் வெறுப்புக்கும் ஆசிரியரின் அசட்டைக்கும் ஆளாவது பிறிதொன்றில்லை எனலாம். பாராளுமன்ற உறுப்பினரின் தொகை, அமைச்சரவையின் பொறுப்பு, உள்ளூராட்சி மன்றங்களின் அதிகாரம், நற்பிரசையின் இலக்கணம் என்றவாறு நிரற்படுத்தப்பட்ட செய்திகளை மாணவன் மனனஞ் செய்கிறான்; பரீட்சை மண்டபத்தில் ஒப்புவிக்கிறான்; மண்டப வாயிலைக் கடந்ததும் மறந்துவிடுகிறான். இதற்காக மாணவனைக் குறைகூறுவோர் பலர். பாடநூலைக் குறைகூறுவோரும் உளர். ஆயின், நோயின் மூலம் வேறிடத்தில் இருப்பதாகவே நாம் கருதுகிறோம். ஓர் உரிமை எவ்வாறு வந்தது, எவர் அதனைப் பெற்றுத் தந்தார், எவர்க்கு அது மறுக்கப்பட்டது, ஏன் மறுக்கப்பட்டது என்னும் வினாக்களை அகற்றிவிட்டால் குடியியலில் எஞ்சுவது வெறும் பட்டியலே. பட்டியலை நேசிக்குமாறு எந்த இளைஞனையும் நாம் வற்புறுத்த முடியாது.

இலங்கையின் கல்வி வரலாற்றையும் குடியுரிமை வரலாற்றையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு இவ்வுண்மை தெற்றெனப் புலப்படும். இவ்விரு வரலாறுகளையும் தனித்தனியே எழுதியோர் பலராயினும், ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் இடங்கள் போதிய அளவு கவனிக்கப்படவில்லை. அவ்விடங்கள் சிலவற்றைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ‘குடி’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். பழந்தமிழில் அது குடும்பத்தையும், குலத்தையும், கோலின்கீழ் வாழ்வோரையும் குறித்தது. திருக்குறளிற் ‘குடிமை’ எனப் பெயர்பெற்ற அதிகாரம் உயர்குடிப் பிறப்பின் சிறப்பையே பேசுகின்றது. பிறப்பினாற் பெருமை என்னும் கருத்தும், அரசனுக்கு அடங்கியவன் என்னும் கருத்தும் அச்சொல்லோடு ஒட்டியே வந்துள்ளன. ‘குடியுரிமை’ என உரிமை என்னுஞ் சொல் அதனோடு இணைந்தமை நவீன காலத்தின் பேறு. பிறப்பையும் பணிவையும் குறித்த சொல் சமத்துவத்தைக் குறிக்கும் சொல்லாக மாறுவதற்கு எத்துணைப் போராட்டங்கள் நிகழ்ந்தன என்பதே குடியியலின் உண்மையான பாடம். அம்மாற்றம் நம் நாட்டில் இடைவழியில் எவ்வாறு தடுக்கப்பட்டது என்பதும் அப்பாடத்தின் பகுதியே.

பிரித்தானியர் ஆட்சியில் இந்நாட்டுப் பள்ளிக்கூடங்கள் இருவகைப்பட்டிருந்தன. கட்டணம் பெறும் ஆங்கிலப் பள்ளிகள் ஒருபுறம். சுயமொழிப் பள்ளிகள் மறுபுறம். முன்னையவற்றிற் பயின்றோர் கேம்பிரிட்ஜ் பரீட்சைக்கும் இலண்டன் மெற்றிக்குலேசனுக்கும் ஆயத்தஞ் செய்யப்பட்டனர். இங்கிலாந்து மன்னரின் வரிசை அவர்களுக்குத் தெரியும். தம் ஊர்க் குளத்தைக் கட்டியவர் எவரெனத் தெரியாது. பின்னையவற்றிற் பயின்றோர்க்கு எழுத்தும் எண்ணும் சமயமும் போதுமென அரசு கருதியது. இருசாரார்க்கும் பொதுவாகப் போதிக்கப்பட்டது பேரரசு விசுவாசமே. பிரசை என்பான் அரசியலை ஆக்குபவன் என்ற எண்ணத்துக்கு அவ்வகுப்பறைகளில் இடமிருக்கவில்லை.

இந்நிலைமைக்கு எதிரான முதற் குரல்களுட் சில ஆசிரியரிடமிருந்தும் மாணவரிடமிருந்துமே எழுந்தன என்பது இன்றைய ஆசிரியர் மறக்கக் கூடாத செய்தி. 1924 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலே மாணவர் காங்கிரஸ் தோன்றியது. ஹண்டி பேரின்பநாயகம் அதன் முன்னணியில் நின்றார். பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற அவ்வியக்கம் பூரண சுயராச்சியத்தையும், தாய்மொழிக் கல்வியையும், சாதி வேற்றுமை ஒழிப்பையும் தன் இலட்சியங்களாகக் கொண்டது. 1927 இல் இலங்கை வந்த காந்தியடிகளை அவ்வியக்கத்தினர் யாழ்ப்பாணத்தில் வரவேற்றனர். அக்காலத்தில் யாழ்ப்பாணப் பள்ளிகள் பலவற்றிலே தாழ்த்தப்பட்ட சாதியினரின் பிள்ளைகள் தரையிலோ தனி இருக்கையிலோ அமர்த்தப்பட்டனர். சம ஆசனமும் சமபோசனமும் வேண்டுமென்ற கோரிக்கை எழுந்து, 1930 ஐ அண்டிய ஆண்டுகளில் அரசினரும் உதவிபெறும் பள்ளிகளிற் சம ஆசனம் அளிக்குமாறு பணித்தபோது, உயர்சாதியினர் எனத் தம்மைக் கூறிக்கொண்டோர் கொதித்தெழுந்தனர். பள்ளிக்கூடங்கள் சில தீக்கிரையாயின. ஒரு வாங்கிற் சேர்ந்திருத்தல் என்பது அத்துணைப் பெரிய அரசியலாக இருந்தது. நற்பிரசையின் இலக்கணத்தைப் பத்துப் பக்கத்தில் விரிப்பதிலும் அவ்வாங்கின் கதையைச் சொல்வது மாணவர் உள்ளத்தில் ஆழப் பதியும்.

தெற்கிலும் இதனையொத்த முயற்சிகள் நிகழ்ந்தன. முதல் உலகப் போரின் நினைவுநாளான நவம்பர் 11 இல் பொப்பி மலர் விற்றுத் திரட்டிய பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியாவுக்கே சென்றது. இதற்கு மாறாக 1933 இல் இளைஞர் கழகத்தினர் சூரிய மலரை விற்கத் தலைப்பட்டனர். ஆசிரியையான டொரீன் யங் அவ்வியக்கத்தின் தலைவியாக விளங்கினார். 1934 – 35 இல் மலேரியாக் கொள்ளைநோய் கிராமங்களைச் சூறையாடியபோது, இவ்வியக்கத்தினரே மருந்தும் உணவும் சுமந்து வீடு வீடாகச் சென்றனர். இலங்கையின் இடதுசாரி இயக்கத்துக்கு வித்திட்டோர் இவர்களே. பாடத்திட்டம் எதுவும் இவர்களுக்குக் குடியியலைக் கற்பிக்கவில்லை. செயலே கற்பித்தது.

இதற்கிடையில் 1931 இல் டொனமூர் அரசியற்றிட்டம் நடைமுறைக்கு வந்தது. இருபத்தொரு வயதுக்கு மேற்பட்ட ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் வாக்குரிமை கிட்டியது. இங்கிலாந்திலேயே பெண்கள் ஆடவர்க்கு நிகராக வாக்குரிமை பெற்றுமூன்று ஆண்டுகளே கடந்திருந்தன. உயர்குடித் தலைவர் பலர் இதனை விரும்பவில்லை என்பதையும், சேர் பொன்னம்பலம் இராமநாதன் வெளிப்படையாகவே எதிர்த்தார் என்பதையும் மாணவர் அறிதல் வேண்டும். வாலிபர் காங்கிரஸ் வேறு காரணத்துக்காக, அதாவது பூரண சுயராச்சியம் அளிக்கப்படவில்லை என்பதற்காக, முதற் தேர்தலைப் பகிஷ்கரித்தது. வடக்கின் நான்கு தொகுதிகள் 1934 வரை வெறுமையாயிருந்தன. இலட்சியத்தால் உயர்ந்த இச்செயல் விளைவால் எத்தகையது என்பது விவாதத்துக்குரியது. வகுப்பறையில் விவாதிக்கத்தக்க பொருள் இதனினும் சிறந்தது கிடைத்தல் அரிது.

வாக்குப்பெற்ற மக்களுக்குக் கல்வியும் வேண்டும் என்ற தேவை அடுத்து எழுந்தது. கல்வியமைச்சர் சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையில் அமைந்த விசேட குழு 1943 இல் தன் அறிக்கையை வெளியிட்டது. 1945 ஒக்டோபர் முதலாந் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கற்கும் வாய்ப்பு உழவன் மகனுக்கும் மீனவன் மகளுக்கும் திறந்தது. இன்று இதழ்களை வாசிப்போருள்ளும் எழுதுவோருள்ளும் பெரும்பாலார் அக்கதவின் வழியே வந்தவர்களே. அந்நன்மையை நாம் ஒருபோதும் குறைத்துப் பேசோம்.

ஆயினும், அக்கதவு எல்லார்க்கும் திறக்கவில்லை. மலைநாட்டுத் தோட்டங்களில் வாழ்ந்த பிள்ளைகளுக்கு அது சாத்தப்பட்டே இருந்தது. கோப்பிக் காலத்திலிருந்து தென்னிந்தியக் கிராமங்களினின்றும் கொண்டுவரப்பட்டு, காடழித்துத் தேயிலை நாட்டி, இந்நாட்டின் ஏற்றுமதி வருவாயிற் பெரும்பங்கை ஈட்டித் தந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்யவேண்டிய கடப்பாட்டை 1907 ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தியது. நிருவாகமோ லயத்தின் ஒரு மூலையில், அல்லது ஒரு கொட்டிலில், ஓராசிரியர் பள்ளியை வைத்துச் சட்டத்தின் வாயை அடைத்தது. ஐந்தாம் வகுப்போடு அப்பள்ளி முடிந்துவிடும். கொழுந்து பறிக்கும் வயது வந்ததும் பிள்ளை பெரட்டுக்குப் போய்விடும். 1960 இன் இறுதியில் உதவிபெறும் பள்ளிகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் ஒதுக்கி விடப்பட்டன. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்தே அவை படிப்படியாக அரச பள்ளிகளாயின.

தோட்டத்திற் குடியியல் கற்பிக்கப்படவில்லை என இதனாற் கொள்ளலாகாது. பள்ளிக்கூடம் செய்யாததை இயக்கம் செய்தது. கோ. நடேசய்யர் துண்டுப்பிரசுரங்களாலும் பத்திரிகைகளாலும் தொழிலாளர்க்குச் சட்டத்தை எடுத்துரைத்தார். தோட்டத்துள் நுழைவதே குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது. அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூடும் இடங்களிற் பாடல் பாடி உரிமையை விளக்கினார். எழுத்தறியாத பெண்களுக்கு அப்பாடலே பாடநூல். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சூட்டுக்கு இரையான கோவிந்தனின் மரணம், சங்கம் சேரும் உரிமை எத்துணை விலையுடையது என்பதை மலைநாடெங்கும் உணர்த்தியது. டொனமூர்த் திட்டத்தின்கீழ்த் தோட்டத் தொழிலாளரின் வாக்குரிமைக்கு வதிவுச் சான்று முதலிய தடைகள் விதிக்கப்பட்டிருந்தன. அவற்றையும் மீறி வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றோர், 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். வேறு பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளரின் வெற்றிக்கும் அவர்களின் வாக்குகள் துணைநின்றன.

சுதந்திரம் பெற்ற ஆண்டிலேயே அடி விழுந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15 இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இந்நாட்டிற் பிறந்த ஒருவர் வம்சாவழியாற் பிரசையாக வேண்டுமெனில், அவருடைய தந்தை இந்நாட்டிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும். இச்சட்டத்தின் வாசகத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. தந்தையின் பிறப்பையோ பாட்டனின் பிறப்பையோ பத்திரங்கொண்டு நிரூபிக்கச் சிங்களக் கிராமத்தவராலும் யாழ்ப்பாணத்தவராலும் எளிதில் இயன்றிராது. ஆனால், அவர்களிடம் எவரும் அதனைக் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர்கள் தோட்டத்தவரே. சட்டத்தின் நடுநிலைமை என்பது எத்தகையது என்பதற்கு இதனினுஞ் சிறந்த எடுத்துக்காட்டை நாம் அறியோம்.

1949 இல் வந்த இந்திய பாகிஸ்தானியர் வதிவோர் சட்டம் பதிவின்மூலம் பிரசையாகும் வழியைக் காட்டியது. 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன்னர் மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடைவிடாது வதிந்தமைக்குச் சான்று வேண்டப்பட்டது. ஈராண்டுக்குள் மனுச்செய்ய வேண்டும். ஏறத்தாழ 825,000 பேர் சார்பில் மனுக்கள் குவிந்தன. முடிவிற் பதிவு பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே. அதே 1949 இல் நிறைவேறிய தேர்தற் சட்டத் திருத்தம் பிரசைகளுக்கே வாக்கு என வரையறுத்தது. 1947 இல் வாக்களித்த தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர் 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் வெறுங்கையுடன் நின்றனர். எழுவர் இருந்த இடத்தில் ஒருவரும் இல்லை.

இச்செயல் நீதிமன்றத்திலும் சோதிக்கப்பட்டது. றுவன்வெல்லத் தொகுதியின் வாக்காளர் பட்டியலிலே தம் பெயரைச் சேர்க்குமாறு கோடக்கன்பிள்ளை என்பார் வழக்காடினார். ஓர் இனத்தவர்மீது பிறர்க்கில்லாத தடையைச் சுமத்தும் சட்டத்தை இயற்றலாகாது எனச் சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு கூறியது. அப்பிரிவே அவருடைய வாதத்தின் ஆதாரம். வாக்காளர் பட்டியலைத் திருத்தும் அதிகாரி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. 1953 இல் இலண்டனிலிருந்த கோமறைக் கழகம், தன் பிரசைகள் யாவர் என வரையறுப்பது சட்டமன்றத்தின் இயல்பான அதிகாரமே எனக் கூறி மேன்முறையீட்டைத் தள்ளிற்று. சிறுபான்மையோரின் காப்பரண் எனப் போற்றப்பட்ட 29 ஆம் பிரிவு தன் முதற் பெருஞ் சோதனையிலேயே பயனற்றதாயிற்று.

இனி, இவ்விரு வரலாறுகளும் சந்திக்கும் இடத்தை நோக்குவோம். இலவசக் கல்வியின் பயனாக இடைநிலைப் பள்ளிகள் பெருகிய ஆண்டுகளே இலட்சக்கணக்கானோர் நாடற்றோராக்கப்பட்ட ஆண்டுகளும் ஆகும். நகரத்து மாணவன் வாக்குரிமையின் மாண்பைப் பரீட்சைக்காக எழுதிக்கொண்டிருந்த வேளையில், அவன் அருந்திய தேநீருக்குக் கொழுந்து பறித்தவள் அவ்வுரிமையை இழந்து நின்றாள். அவளுடைய பிள்ளையோ அவ்வகுப்பை எட்டவேயில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிட்ட பிள்ளைக்குக் குடியியல் ஏது? பிரசைகளின் பட்டியலிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள், அப்பட்டியல் எவ்வாறு ஆக்கப்படுகிறது என்று விளக்கும் வகுப்பறைக்கும் வெளியே நிறுத்தப்பட்டனர். இவ்விரட்டைப் புறக்கணிப்பு தற்செயலன்று. அறியாமையும் உரிமையின்மையும் ஒன்றையொன்று வளர்க்கும். மலிவான உழைப்புக்கு இரண்டும் தேவை.

1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 நாடற்றோரைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. எந்த மேசையிலும் அம்மக்களுக்கு ஓர் ஆசனம் இருக்கவில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்தோர், காணாத ‘தாயகத்துக்கு’த் தலைமன்னாரிலிருந்து கப்பலேறினர், குடும்பங்கள் கடலின் இருகரையிலும் சிதறின. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவழியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை வழங்கியபோது, 1948 ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறி ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. அதே 2003 இல் வந்த மற்றொரு திருத்தத்தின் பின்னரே, இந்நாட்டில் ஒரு தாய் தந்தைக்கு நிகராகத் தன் பிள்ளைக்குப் பிரசாவுரிமையைக் கொடுக்கும் தகுதி பெற்றாள் என்பதையும் இங்கே சேர்த்து எண்ணுதல் வேண்டும். தந்தை, பாட்டன், முப்பாட்டன் என்ற அந்த வரிசையில் தாய்க்கு இடமே இருக்கவில்லை.

இவ்வாண்டுகளிலே பாடத்திட்டமும் மாறிவந்தது. 1972 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் வரலாறு, புவியியல், குடியியல் ஆகியவற்றை இணைத்துச் சமூகக்கல்வி என்னும் ஒரு பாடமாக்கியது. அறிவைத் துண்டுபடுத்தாது வாழ்வோடு பொருத்தவேண்டுமென்ற நோக்கம் போற்றற்குரியதே. ஆயினும், மூன்றும் ஒன்றானபோது மூன்றின் ஆழமும் குறைந்தது என்ற கண்டனமும் எழுந்தது. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே வரலாறு தனிப்பாடமாயிற்று. குடியுரிமைக் கல்வியும் தன் பெயரோடு மீண்டது. பன்மைப் பண்பாடு, சனநாயகம், மனித உரிமை, முரண்பாட்டுத் தீர்வு ஆகிய சொற்கள் பாடநூல்களில் இடம்பெற்றன. முப்பதாண்டுப் போரினால் நலிந்த நாட்டுக்கு அவை வேண்டிய சொற்களே. ஆயின், வரலாறு ஒரு பாடநூலிலும் உரிமை மற்றொரு பாடநூலிலுமாகப் பிரிந்து கிடக்கும்வரை, அச்சொற்கள் மாணவர்க்கு அறிவுரையாகவே ஒலிக்கும். அறிவுரையை இளைஞர் எவ்வாறு செவிமடுப்பர் என்பதை ஆசிரியர் அறிவர்.

எனவே, குடியியலைக் கற்பிக்கும் ஆசிரியர் செய்யத்தக்கன சில உள. பிரசாவுரிமைச் சட்டத்தின் வாசகத்தை வகுப்பில் வைத்து, ‘நும் பாட்டனார் இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று என்ன?’ என ஒவ்வொரு மாணவரையும் வினவலாம். வீட்டுப் பெட்டிகளைத் தேடிவிட்டு மறுநாள் வெறுங்கையுடன் வருவோரே பெரும்பாலாராயிருப்பர். அக்கணத்தில் 1948 அவர்களுக்கு விளங்கிவிடும். கோடக்கன்பிள்ளை வழக்கை இருதரப்பாக நின்று வாதிடச் செய்யலாம். 1947 இன் வாக்காளருக்கு 1952 இல் என்ன நேர்ந்தது என்று ஒரு பக்கக் கட்டுரை எழுதச் சொல்லலாம். மலையகப் பள்ளியாயின், மூதாட்டிமாரிடமிருந்து கப்பலேறியோரின் கதைகளைக் கேட்டெழுதச் செய்யலாம். இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை; துணிவும் ஆயத்தமும் போதும்.

இத்தகைய வரலாறு பிள்ளைகளின் உள்ளத்தில் இனப்பகையை வளர்க்குமே எனச் சிலர் அஞ்சுவர். மறைப்பதனாற் பகை மறைவதில்லை என்பது ஒரு விடை. இவ்வரலாற்றை முழுமையாகக் கூறின் அது இனங்களின் போராகத் தோன்றாது என்பது அதனினும் வலிய விடை. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்துப் பாராளுமன்றத்தில் வாதாடியோருள் என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, பீற்றர் கெனமன் முதலிய தமிழரல்லாத இடதுசாரித் தலைவர்கள் முன்னின்றனர். மறுபுறம், 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொணர்ந்த அமைச்சரவையில் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் வீற்றிருந்தார். இப்பிரச்சினையின்மீதே கட்சி பிளவுற்று, செல்வநாயகம் வேறு வழி சென்றார். உரிமையைப் பறித்த கைகளிலும் காக்க முயன்ற கைகளிலும் எல்லா இனத்தவரும் இருந்தனர் என்பதை அறிந்த மாணவன், மனிதரை இனத்தால் அன்றி நிலைப்பாட்டால் அளக்கக் கற்றுக்கொள்வான்.

நம் சொந்த வீட்டையும் அம்மாணவன் நோக்குதல் வேண்டும். கொழும்பு ஆட்சியாளரிடம் சமத்துவம் கேட்ட யாழ்ப்பாணச் சமுதாயம், தன் தேநீர்க் கடையிலும் கோயில் வாயிலிலும் அதனை மறுத்தது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தபின்னரும், 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் செல்லவேண்டிய நிலை இருந்தது. 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தது. ஏட்டிலுள்ள உரிமையை வீதியில் இறங்கியே நடைமுறையாக்க வேண்டியிருந்தது என்பதற்கு இவை சான்று. பிறர் செய்த அநீதியை மட்டும் கற்பிக்கும் குடியியல் பாதிக் குடியியலே.

இறுதியாக ஒன்று. பள்ளிக்கூடமே மாணவன் காணும் முதல் அரசு. அங்கே வினாக் கேட்போன் அடக்கப்படுவானாயின், வறிய பிள்ளை பின்வாங்கிலே ஒதுக்கப்படுமாயின், மாணவர் மன்றம் அதிபரின் ஆணையை வாசிக்கும் மேடையாக மட்டும் இருக்குமாயின், பாடநூலிலுள்ள சனநாயகத்தை எவரும் நம்பமாட்டார். சம ஆசனத்துக்காகத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் போராடிய ஆசிரியர், முதலில் தம் வகுப்பறையையே மாற்ற முற்பட்டனர். நாமும் அங்கிருந்தே தொடங்குவோம். குடியுரிமை ஓர் அரசு விரும்பிக் கொடுத்து விரும்பாதபோது பறிக்கும் பத்திரமாகப் பத்து இலட்சம் மக்களுக்கு இந்நாட்டில் ஒருகால் ஆயிற்று. அது மீண்டும் எவர்க்கும் அவ்வாறு ஆகாதிருக்க வேண்டுமெனின், அக்கதையைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை வேண்டும். அத்தலைமுறை இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறது.